ஆமெனுக்கு முன்னால்

மேல்பாறை எஸ்டேட்டில் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் ஆறு. ஒவ்வொன்றும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு வீடாகத் தடுக்கப்பட்டது. அவற்றில் மூன்றாவது குவார்ட்டர்ஸின் இடதுபக்க வீட்டுக்கு மட்டும் பெயர்ப்பலகை இருந்தது. டீப்பெட்டிப் பலகை ஒன்றை அளவாக அறுத்து, வெள்ளைப் பெயிண்டில் ‘சமாதான இல்லம்’ என்று எழுதி, வாசல் நிலைக்கு மேலே மோசஸ் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டியிருந்தார். மோசஸ் ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க். அவர் மனைவி ஞானசுந்தரி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஒரே மகன் மேட்டுப்பாளையத்தில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பலகைக்கு ஏற்ற வீடுதான் என்று எஸ்டேட் முழுக்க ஒத்துக்கொண்டது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் புருஷன் பெண்சாதி குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கோபித்துக்கொண்டு ஒருவர் சாப்பிடாமல் படுத்தார் என்ற பேச்சும் இல்லை. மாதம் ஒரு தடவை ஆராதனை நடத்தக் குன்னூரிலிருந்து வரும் போதகர் ஐயர், புதிதாகக் கல்யாணமானவர்களுக்குப் புத்தி சொல்லும்போது, மோசஸ் வீட்டை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பார். ஞானசுந்தரிக்கு அதில் பெருமை உண்டு. அந்தப் பெருமையை அவள் மறைத்ததும் இல்லை.

சண்டை இல்லாமல் போனது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குக் காரணம் குடும்ப ஜெபம்.

சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னறையில் பாய் விரிக்கப்படும். ஒரு பாட்டு, வேதத்தில் ஓர் அதிகாரம், பிறகு முழங்கால் போட்டு ஒருவர் பின் ஒருவராக வாய்விட்டு ஜெபம். கண்ணை மூடி ஆண்டவரோடு பேசிக்கொண்டிருப்பவரை யாரும் குறுக்கே மறித்துப் பேச முடியாது. ஆமென் சொல்லி எழுந்த பிறகு அதைப் பற்றி வாயைத் திறப்பது மரியாதையும் அல்ல. ஆகவே பகலில் சொல்ல முடியாமல் போனதெல்லாம், நாளாவட்டத்தில், ஏழு மணிக்கு அந்தப் பாய்க்கு வந்து சேர ஆரம்பித்தது.

“ஆண்டவரே, உழைத்துக் களைத்து வருகிறவனுக்குச் சூடான சோறும் ஓர் ஆசீர்வாதம் என்பதை எங்களுக்கு உணர்த்தும்” என்று மோசஸ் வேண்டிக்கொண்டால், அன்றைக்கு மத்தியானம் சோறு ஆறியிருந்தது என்று பொருள். மறுநாள் ஞானசுந்தரி, “ஆண்டவரே, ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடாதபடிக்கு எங்கள் கைகளைக் காத்தருளும்” என்பாள். அந்த வீட்டில் அவள் துண்டு எப்போதும் கொடியில்தான் கிடக்கும்.

இதில் இரண்டாவதாக ஜெபிக்கிறவர் சொல்வதுதான் முடிவான வார்த்தை. ஆரம்பத்தில் குடும்பத்தலைவர் என்ற முறையில் தினமும் மோசஸ்தான் முடிப்பார். மூன்றாம் வருஷத்தில் ஒரு வாரம் முழுக்க ஞானசுந்தரி, எளியவர்களின் சத்தத்துக்கும் இடம் உண்டாக வேண்டுமென்று விடாமல் வேண்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு திங்கள், புதன், வெள்ளி அவர் முடிப்பது. செவ்வாய், வியாழன், சனி அவள் முடிப்பது. ஞாயிற்றுக்கிழமை பாட்டோடு சரி என்று ஏற்பாடாயிற்று. அந்த ஏற்பாட்டைப் பற்றிக்கூட அவர்கள் கண்ணைத் திறந்து பேசிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் சண்டை என்று இருவரும் நினைக்கவில்லை. நம் பாரத்தைக் கர்த்தர்மேல் வைத்துவிட்டு எழுந்துவிடுகிறோம் என்றே நினைத்தார்கள். ஞானசுந்தரி அதை மனசார நம்பினாள்.

1974ஆம் வருஷம் ஜூன் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, மோசஸின் தங்கை ஜூடித் அந்த வீட்டுக்கு வந்தாள். வயது இருபத்தொன்று. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷம். வார்டில் டைபாய்டு தொற்றி ஒன்றரை மாதம் படுத்த படுக்கை. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துபோயிற்று. மூன்று மாதம் ஓய்வில் இருந்து, நாற்பத்தைந்து கிலோவாவது தேறி வந்தால் படிப்பைத் தொடரலாம், இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கடிதம் கொடுத்திருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை. அண்ணன் வீட்டை விட்டால் போக வேறு இடம் கிடையாது.

வந்திறங்கிய அன்றைக்கே மோசஸ் அவளை ஃபேக்டரிக்கு அழைத்துப்போய், டீப்பெட்டி நிறுக்கும் பெரிய தராசில் ஏற்றினார். எஸ்டேட்டில் ஆள் நிறுக்கிற தராசு வேறில்லை. பக்கத்து வீட்டு நல்லசாமி டீத்தூள் உலர்த்தும் டிரையர் ஓட்டுகிறவர். கையைத் துடைத்துக்கொண்டு வந்து எடையை நகர்த்திப் பார்த்தவர், முப்பத்தாறு என்றார்.

“முழுப் பெட்டின்னா நாப்பத்தஞ்சுங்க. அந்த எடை வராம நாங்க எந்தப் பெட்டியையும் கீழே அனுப்பறதில்லை அம்மிணி” என்று அவர் சொன்னபோது ஜூடித் சிரிக்கப் பார்த்தாள். முகம் ஒத்துழைக்கவில்லை.

மோசஸ் வீட்டுக்கு வந்து, காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே நீலப் பென்சிலால் 36 என்று எழுதினார். இனி சனிக்கிழமைதோறும் நிறுத்து எழுதுவது என்று முடிவாயிற்று.

ஞானசுந்தரிக்கு ஜூடித்தின்மேல் எந்த வருத்தமும் இல்லை. தான் கல்யாணமாகி வந்தபோது ஒன்பது வயதுப் பிள்ளையாகத் தன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் அவள். வருத்தமெல்லாம் மோசஸின்மேல்தான். அவர் எந்தக் கடிதம் எழுதினாலும் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்து ஃபைலில் வைப்பவர். அரிசி வாங்கின சீட்டைத் தேடப்போய் அந்த ஃபைலைப் பிரித்தவள் கண்ணில், ஆஸ்பத்திரிக்கு அவர் எழுதிய கடிதத்தின் நகல் பட்டது. ‘என் தங்கையை என் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறேன்’ என்று ஜூன் நாலாம் தேதியே எழுதியிருக்கிறார். பதினொரு நாள் ஒரே வீட்டில் இருந்தும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிக்கூட வராந்தாவில் நின்றுகொண்டிருந்தவள், பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இறங்கிய ஜூடித்தைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்துகொண்டாள்.

அதை அவள் அவரிடம் கேட்கவில்லை. அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஆண்டவரிடம் சொன்னாள்.

“ஆண்டவரே, கலந்து பேசாமல் செய்யப்படுகிற காரியங்களால் வந்து சேருகிற பாரங்களைச் சுமக்க எனக்குப் பெலன் தாரும்.”

புதன்கிழமை மோசஸ் முடித்தார். “பாரம் என்று எண்ணப்படுகிறவர்களை நீர் தாங்கும் ஆண்டவரே. தகப்பனும் தாயும் இல்லாத பிள்ளைக்கு இடம் கொடுக்கும்படி இந்த வீட்டிலுள்ள இருதயங்களை விசாலமாக்கும்.”

வியாழக்கிழமை அவள் விடுவாளா? இருதயம் விசாலமாக இருந்தும் அதை அறியாதவர்களின் கண்களைத் திறக்கச் சொன்னாள். இப்படியே போயிற்று. பாய் முன்பு இரண்டு பேருக்கு விரிந்தது. இப்போது மூன்றாவதாக ஜூடித்தும் சுவரோரம் முழங்கால் போட்டிருந்தாள். அவள் வாய்விட்டு ஜெபிக்கவில்லை. உடம்பு சரியில்லாத பிள்ளை என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை.

முதல் வாரம் முப்பத்தேழரை. இரண்டாம் வாரம் முப்பத்தெட்டு. ஞானசுந்தரிக்கு அது தன் பரீட்சையில் வந்த மார்க்கு மாதிரி இருந்தது. தன் கட்டிலையே ஜூடித்துக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தாள். கொழுந்து பறிக்கப் போகும் காளியம்மாள் காலையில் மாட்டுப்பால் கொண்டுவந்து ஊற்றினாள். முட்டை, ராகிக் கஞ்சி, வாரம் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப். மூன்றாம் வாரம் முப்பத்தேழு. நான்காம் வாரம், ஜூலை பதின்மூன்றாம் தேதி, மறுபடியும் முப்பத்தாறு.

காலண்டர்முன் நின்று ஞானசுந்தரி அந்த ஐந்து எண்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சாப்பாட்டில் குறை வைத்ததாக அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் தட்டில் வைப்பதில் பாதி திரும்பி வந்தது. காலை ஐந்து மணிக்கே, மழைக்குளிரில், ஜூடித் எழுந்து பின்பக்கக் குழாயடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திரு, நான் செய்கிறேன் என்றால், சும்மா இருக்க ஒரு மாதிரியா இருக்குதுங்க அண்ணி என்றாள். இத்தனை அமைதியான வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஏன் உடம்பு தேறவில்லை என்பது ஞானசுந்தரிக்கு விளங்கவே இல்லை.

விளங்க வைத்தவள் வேலாமணி. நல்லசாமியின் மனைவி. ஜூலை பதினெட்டு, வியாழக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வந்து குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு ஞானசுந்தரி நின்றபோது அவளும் வந்து நின்றாள்.

“ஏனுங்க டீச்சர், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

கேளுங்கள் என்றாள் ஞானசுந்தரி.

“நேத்து ஐயா செபத்துல அந்தப் பாலுக்குச் சக்கரை பத்தாத விசயத்தைச் சொன்னாருல்லீங்க, இன்னிக்கு உங்க மொறை. நீங்க என்ன பதில் சொல்லப் போறீங்கன்னு எங்கூட்டுக்காரரு காலையில இருந்து கேட்டுட்டே இருக்காரு. சூப்புல உப்பு சாஸ்தின்னு ஐயா முன்னே சொன்னதை எடுத்து நீங்க திருப்பிக் கேப்பீங்கன்னு அவரு சொல்றாரு. கேக்க மாட்டாங்க, துண்டைத்தான் எடுப்பாங்கன்னு நான் சொல்றேன்.”

குடம் நிரம்பி வழிவதை ஞானசுந்தரி கவனிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. உத்திரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே இரண்டு வீட்டுக்கும் ஒரே தகரம், ஒரே காற்று. அது அவளுக்குத் தெரியாததல்ல. நல்லசாமியின் இருமலைப் பன்னிரண்டு வருஷமாக இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இங்கிருந்து அங்கேயும் போகும் என்று மட்டும் தோன்றியதே இல்லை.

“பன்னண்டு வருசமாவுங்களா?” என்று கேட்டாள்.

“அய்யோ, அவ்வளவு இல்லீங்க. நாங்க குடி வந்து ஒம்பது வருசம்தான ஆச்சு.” வேலாமணி தன் குடத்தை இழுத்து வைத்தாள். “எங்கூட்டுல சண்டைன்னா கிண்ணம் உருளுதுங்க. நீங்க சாமியை நடுவுல உக்கார வச்சுட்டுச் சண்டை போடறீங்க. அதுவும் ஒரு மரியாதைதான். அந்தப் புள்ளைதாங்க பாவம். அது எங்கே போய் உக்காரும்?”

பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவளாக, முந்தாநாள் ஜூடித் தன்னிடம் குன்னூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்ததையும் சொன்னாள்.

ஞானசுந்தரி வீட்டுக்குள் வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். ஜூடித்தின் பெட்டி கயிறு போட்டுக் கட்டித் தயாராக இருந்தது. ஜூடித் அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவளை அப்போதே கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் அப்படியல்லவே. எது மனசில் விழுந்தாலும் ஏழு மணிக்கு என்று எடுத்துவைத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

ஏழு மணிக்குப் பாட்டு முடிந்தது. அதிகாரம் வாசித்தாயிற்று. மோசஸ் முதலில் ஜெபித்தார். அவர் முடித்ததும் ஞானசுந்தரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

“ஆண்டவரே, நாங்கள் உம்மிடத்தில் ஏறெடுக்கிற விண்ணப்பங்கள் அயல்வீட்டார் காதில் விழுகின்றன என்று இன்றைக்கு அறிந்தோம். அளவுக்கு மீறிச் சத்தமாக ஜெபிக்கிறவர்களுக்கு நீர்...”

அந்த இடத்தில் அவளுக்கே தன் குரல் கேட்டது. குழாயடியில் நின்று வேலாமணி கேட்பதுபோல் கேட்டது. சூப்புக்கு உப்பு, பாலுக்குச் சர்க்கரை, ஈரத் துண்டு, இப்போது சத்தம். அவள் கண்ணைத் திறந்தாள். ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

சுவரோரத்தில் ஜூடித் முழங்கால் போட்டிருந்தாள். கண்களை இறுக மூடி, தோள்கள் இரண்டையும் காதுவரை தூக்கி, அடுத்து என்ன வந்து விழுமோ என்று உடம்பைக் கெட்டியாக்கி வைத்திருந்தாள். அந்த முகம் ஞானசுந்தரிக்குத் தெரியும். பிரம்படிக்குக் கை நீட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளையின் முகம். பதினாலு வருஷம் வகுப்பில் பார்த்திருக்கிறாள்.

அவள் ஆரம்பித்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ஆமெனும் சொல்லவில்லை. மோசஸ், மறந்துவிட்டாளோ என்று எடுத்துக் கொடுப்பதுபோல் மெல்லக் கனைத்தார்.

“ஏனுங்க, கண்ணைத் தொறங்க.”

“ஜெபம் முடியலையே சுந்தரி.”

“முடியாதுங்க. நான் ஆண்டவர்கிட்டப் பேசிட்டு இருக்கலை. உங்ககிட்டத்தான் பேசிட்டு இருந்தேன். நீங்களும் அப்படித்தான். தொறங்க.”

மோசஸ் கண்ணைத் திறந்தார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர்போல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஞானசுந்தரி முழங்காலிலிருந்து இறங்கிப் பாயிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கார்பன் நகலில் நாலாம் தேதி என்று இருந்ததைப் பார்த்ததைச் சொன்னாள். ஜூடித் வந்ததில் தனக்குச் சந்தோஷம்தான், தன்னை ஒரு வார்த்தை கேட்காததில்தான் வருத்தம் என்று சொன்னாள். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கா ஒரு மாதம் ஆயிற்று என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மோசஸ் அரைமணி நேரம் தடங்கலில்லாமல் ஜெபிக்கக் கூடியவர். இப்போது மனைவியின் முகத்துக்கு முன்னால் வேட்டி நுனியை மடித்தார், பிரித்தார்.

“கேட்டா நீ வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு பயந்தேன்” என்றார் கடைசியில்.

“பன்னண்டு வருசத்துல நான் எதை வேண்டாம்னு சொன்னேனுங்க?”

“வாயால சொல்ல மாட்டே. ஜெபத்துல சொல்லுவே. அதுக்கு அப்பறம் நான் யார்கிட்டப் போய்ப் பேசறது?”

அவள் அதற்கு ஏதோ சொன்னாள். அவரும் விடவில்லை. ஆறின சோறு வந்தது, ஈரத் துண்டு வந்தது, மகனை விடுதியில் போட்டபோது யார் முடிவு செய்தது என்பது வந்தது. சமாதான இல்லத்தில் முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றுபோயிற்று.

இதற்கு நடுவில் ஜூடித் எழுந்து உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அப்போதுதான் இருவரும் நிறுத்தினார்கள்.

“உங்க ரெண்டு பேரு மேலயும் எனக்குக் கோவம் இல்லீங்க அண்ணி” என்றாள். அவள் இத்தனை நாளில் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு. “நான் பாரம்னு தெனமும் ஆண்டவர்கிட்டச் சொல்றீங்க. தெனமும் சொன்னா அவரு கேட்டுருவாரே. கேட்டு என்னைத் தூக்கிட்டாருன்னா என்ன பண்றதுன்னு ராத்திரியெல்லாம் பயமா இருக்குதுங்க. டைபாய்டு திரும்பவும் வருமாம். அதான், அவரு தூக்கறதுக்கு முன்னாடி நானே போயிடலாம்னு.”

ஞானசுந்தரி எழுந்து போய்ப் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள். பாரம் என்று தான் சொன்னது அவளை அல்ல என்று விளக்க வாயெடுத்து, விளக்கம் எதற்கு என்று விட்டுவிட்டு, அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். எலும்புதான் கைக்குத் தட்டுப்பட்டது. “அவரு அதைக் கேக்கவே இல்லை கண்ணு. அவருக்கு அனுப்பினதா இருந்தாத்தானே கேக்கறதுக்கு” என்றாள்.

வாசல் கதவு தட்டப்பட்டது. வேலாமணி, கையில் அரிக்கேன் விளக்கோடு, முகமெல்லாம் பதற்றமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் நல்லசாமி.

“என்னுங்க டீச்சர், யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிப்போச்சுங்களா? ஐயா சத்தம் போடறாரு, நீங்க சத்தம் போடறீங்க. ஒம்பது வருசத்துல இப்படிக் கேட்டதில்லையே. பயந்து போய் அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடியாந்தேன்.”

சண்டை போடும்போதெல்லாம் வேடிக்கையாகக் கேட்டவர்கள், நிஜமாகவே பேசிக்கொண்டதும் பயந்துபோய் வந்து நிற்கிறார்கள். ஜூடித்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. ஞானசுந்தரியின் தோளில் முகத்தை வைத்தபடியே குலுங்கினாள். அழுகிறாளோ என்று மோசஸ் பதறிப்போய்க் கிட்டே வந்து பார்த்தார்.

வேலாமணியும் நல்லசாமியும் போன பிறகு ஞானசுந்தரிக்குத் தன் ஜெபம் பாதியில் நிற்பது நினைவு வந்தது. காணிக்கை கொண்டு வந்தவன், யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அந்தக் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வரவேண்டும் என்ற பகுதியை அவள் ஓய்வுநாள் பள்ளியில் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்து வந்தாள். போகிற இடம் பாயின் அடுத்த ஓரமாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. மூவரும் மறுபடி முழங்கால் போட்டார்கள்.

“ஆண்டவரே, எங்களை மன்னியும். ஆமென்” என்றாள். அவ்வளவுதான் அன்றைய ஜெபம்.

மறுநாள் முதல் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஆறேமுக்காலுக்கு அடுக்களையில், அடுப்புக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு டம்ளர் பாலில்லாத கட்டன் டீயோடு, ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைக் கண்ணைத் திறந்து முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது. ஏழு மணிக்குப் பாயில், அந்த அறையில் இருப்பவர்களைப் பற்றி நன்றி சொல்வதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை. மோசஸுக்கு இது சுலபமாக வரவில்லை. அடுக்களையில் அவர் பேசுவது ஆபீஸ் கடிதம் போலவே இருந்தது. துண்டு விஷயமாக நீ சொன்னதைக் கவனத்தில் எடுத்துக்கொண்டேன் என்றார் ஒருநாள். ஜூடித் டீயைத் துப்பிவிட்டாள்.

அதைவிடப் பெரிய சங்கடம் பாயில் காத்திருந்தது. முதல் நாலைந்து நாள் ஜெபம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று. மற்றவரைப் பற்றிச் சொல்வதை எடுத்துவிட்டால், ஆண்டவரிடம் பேச அவர்களிடம் விஷயமே இல்லை. பன்னிரண்டு வருஷம் தவறாமல் முழங்கால் போட்டும் அவரோடு பேசிப் பழகவில்லையே என்று ஞானசுந்தரிக்கு மனசு கூசிப்போயிற்று. ஆனாலும் உடனே எழவில்லை. பேசாமல் இருந்தார்கள். தகரத்தில் மழை விழுவது கேட்டது. ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் ஃபேன்களின் இரைச்சல் ஒரே சீராகக் கேட்டது. அந்தப் பேச்சில்லாத நேரத்தில் ஒருநாள் ஞானசுந்தரி மறுபடியும் கண்ணைத் திறந்து சுவரோரம் பார்த்தாள். ஜூடித்தின் தோள்கள் இறங்கியிருந்தன. முழங்கால் போட்டபடியே தூங்கிப்போயிருந்தாள்.

அப்புறம் மெல்ல மெல்ல விஷயம் வந்தது. மழையில் சரிவில் நின்று கொழுந்து பறிக்கிறவர்களுக்காக மோசஸ் ஒருநாள் வேண்டிக்கொண்டார். தினமும் அவர்கள் பறித்த கொழுந்தின் எடையை எழுதுகிறவர், அவர்கள் நனைவதைப் பற்றி ஆண்டவரிடம் அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞானசுந்தரி, காளியம்மாளின் முழங்கால் வலியைச் சொன்னாள். மூன்றாம் வகுப்பில் இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகளைப் பேர் பேராகச் சொன்னாள். ஜூடித் காலையில் ஏழு மணிவரை தூங்கினாள். பாத்திரம் தேய்ப்பதை யாரும் தடுக்கவில்லை; அவளுக்கே விழிப்பு வரவில்லை.

காலண்டரில் ஜூலை இருபதுக்குக் கீழே முப்பத்தாறரை. இருபத்தேழுக்கு முப்பத்தெட்டு. ஆகஸ்ட் பத்தாம் தேதி நாற்பது தாண்டியது. தலையில் பூனைமுடிபோல் புதிதாக முளைத்து நின்றது.

எல்லாம் ஒரேயடியாகத் திருந்திவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அடுக்களையில் சொல்ல மறந்ததாலோ பழைய வாசனையாலோ, மோசஸ் பாயில் கணீரென்று ஆரம்பித்தார்.

“ஆண்டவரே, ரசத்தில் மிளகு...”

நின்றுவிட்டார். மூன்று பேரும் மூச்சு விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் யாரும் மூச்சு விடவில்லை.

“மிளகைப் படைத்ததற்காக உமக்கு ஸ்தோத்திரம்” என்று முடித்தார்.

உத்திரத்துக்கு மேலாக நல்லசாமியின் சிரிப்பு வந்து விழுந்தது. அன்றைக்கு இரண்டு வீட்டிலும் வெகுநேரம் சிரித்தார்கள். ஜூடித் அதற்குப் பிறகு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கி, அந்த ரசத்தையே ஊற்றிச் சாப்பிட்டாள்.

செப்டம்பர் பதினாலு, சனிக்கிழமை. மறுநாள் அவள் கோயம்புத்தூர் திரும்ப வேண்டும். தராசைச் சுற்றி ஃபேக்டரி ஆட்கள் பத்துப் பேராவது கூடிவிட்டார்கள். வேலாமணியும் காளியம்மாளும் வந்திருந்தார்கள். நல்லசாமி எடையை நகர்த்தி, நாற்பத்தாறு என்று கூவினார். ஜூடித் இறங்கி, ஸ்வெட்டரையும் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினாள். ஆஸ்பத்திரியில் ஸ்வெட்டரோடு நிறுக்க மாட்டார்கள் என்றாள். நல்லசாமி முணுமுணுத்துக்கொண்டே எடையைப் பின்னுக்குத் தள்ளினார். முள் ஆடி ஆடி நின்றது.

“நாப்பத்தஞ்சுங்க. முழுப் பெட்டி. ஆணி அடிச்சு அனுப்பிரலாம்” என்றார்.

மோசஸ் காலண்டரில் எழுதும்போது பென்சில் முனை ஒடிந்துவிட்டது. சீவிக்கொண்டு வந்து எழுதினார்.

அன்றைக்குச் சனிக்கிழமை, ஞானசுந்தரி முடிக்க வேண்டிய நாள். பாட்டும் வாசிப்பும் ஆனபின் மோசஸ் ஜெபித்தார். அடுத்து தன் முறை வந்தபோது ஞானசுந்தரி ஜூடித்தின் முழங்கையைத் தொட்டு, இன்றைக்கு நீ முடி என்றாள். அவசரப்படுத்த யாருக்கும் தோன்றவில்லை. மழை விட்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஆண்டவரே, இந்த ஊட்டுல எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சுங்க. உங்களுக்கு நன்றி” என்றாள் ஜூடித். பிறகு ஏதோ மிச்சம் இருப்பதுபோல் யோசித்து, ஒன்றும் இல்லை என்று கண்டு, நிம்மதியாக, “ஆமென்” என்றாள்.

“ஆமென்” என்றார் மோசஸ்.

“ஆமென்” என்றாள் ஞானசுந்தரி.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேலாமணியும், சற்றுத் தாமதமாக, “ஆமெனுங்க” என்றாள்.